முழங்காலுக்குக் கீழே: அடிமைகளின் உடையும் உழைப்பும்



நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி துணியால் பிழைக்கும் பகுதி. இராஜபாளையத்தில் நூற்பாலைகள் ஓடுகின்றன. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு தையல் மெஷினில் நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிக் கைத்தறிச் சேலைக்குப் பெயர் உண்டு. நூற்பதும் நெய்வதும் தைப்பதும் இங்குள்ள உழைக்கும் மக்களின் கைகள். அதில் நம் பெண்களின் கைகள் ஏராளம்.

துணிக்கு மரியாதை உண்டு என்பதையும் இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயிலில் முதல் மரியாதை என்றால் தலையில் கட்டும் பரிவட்டம்தான். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதிக்கும் மதுரை அழகருக்கும் போகிறது. ஒருவர் உடலில் பட்ட பொருள் பெருமையைச் சுமந்து செல்லும் என்பது இங்கே நம்பிக்கை. அதே நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒருவர் உடலில் பட்டால் தீட்டு, ஒருவர் உடலில் ஏறினால் திமிர் என்பது அந்த முகம். துண்டு யார் தலையில் ஏறுகிறது, யார் தோளில் கிடக்கிறது, யார் கக்கத்தில் ஒடுங்குகிறது என்று பார்த்தாலே ஊரின் வரிசை தெரிந்துவிடும்.

நாம் மேடைகளில் உடைக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பெரும்பாலும் மானப் பிரச்சினையாகப் பேசுகிறோம். மானம் உண்மைதான், அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அது பாதிக் கதை. மேலாடை மறுக்கப்பட்ட இடத்தில் எல்லாம் பக்கத்திலேயே கூலி மறுக்கப்பட்டிருக்கிறது, எழுத்து மறுக்கப்பட்டிருக்கிறது, நிலம் மறுக்கப்பட்டிருக்கிறது. உடைவிதி தனியாக வந்ததே இல்லை. அடிமை அடிமையாகவே நீடிப்பதற்கான ஏற்பாடுகளில் அது முதல் வேலி. இதைத்தான் இந்த நினைவுச் சொற்பொழிவில் கடலுக்கு அப்பாலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், நம் சொந்த மாவட்டத்திலிருந்தும் சான்று காட்டிப் பேச விரும்புகிறோம்.

கடலுக்கு அப்பால்

வட அமெரிக்காவில் தென் கரோலினா ஆங்கிலேயரின் குடியேற்றப் பகுதி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே நெல் வயல்களில் அடிமைகளாக உழைத்தார்கள். 1739 செப்டம்பரில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அவர்கள் கலகம் செய்தார்கள். கலகத்தை அடக்கிய கையோடு 1740இல் ஓர் அடிமைச் சட்டம் வந்தது. அடிமைகள் தங்கள் நிலைக்கு மீறி உடுத்துகிறார்கள் என்று அந்தச் சட்டம் குறைபட்டுக்கொண்டது. அவர்கள் உடுத்தத்தக்க துணிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. எல்லாம் முரட்டுத் துணிகள்; அவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'நீக்ரோ துணி'. அதைவிட நல்ல துணியை ஓர் அடிமை உடுத்தியிருந்தால் காவலர் அதைப் பறித்துத் தானே வைத்துக்கொள்ளலாம்.

அதே சட்டத்தில் வேறு என்ன இருந்தது என்று பாருங்கள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு அபராதம். அடிமை சொந்தமாக வாங்கி விற்கக் கூடாது. படகோ கால்நடையோ வைத்துக்கொள்ளக் கூடாது. சீட்டு இல்லாமல் வெளியே நடமாடக் கூடாது. துணி, எழுத்து, சொத்து, நடமாட்டம் ஆகிய நான்கும் ஒரே சட்டத்தின் பிரிவுகள். தென் கரோலினாவின் எசமானர்களுக்கு இவை நான்கு விஷயங்கள் அல்ல, ஒன்றுதான்.

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை டச்சுக் கம்பெனி ஆண்ட காலத்தில் அங்கே அடிமைக்கு அடையாளம் வெறுங்கால். செருப்போ பூட்ஸோ சுதந்திரமானவர்களுக்குத்தான். அந்த வெறுங்கால்களில் நம் கரையிலிருந்து போன கால்களும் உண்டு. வங்கம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து டச்சுக்காரர்கள் அடிமைகளைக் கொண்டுசென்றார்கள். 1659-61இல் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் வந்தபோது நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் விலைக்கு வாங்கப்பட்டுக் கொழும்புக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை வரலாறு என்றால் ஆப்பிரிக்கா என்று மட்டும் பாடநூல் நமக்குச் சொல்லித்தருகிறது. அந்தக் கப்பல்களில் தமிழும் பேசப்பட்டிருக்கிறது.

மூன்றாவது சான்று நியூ ஆர்லியன்ஸ். 1786இல் அங்கே ஸ்பானிய ஆளுநராக இருந்த எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை போட்டார். கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும், சுதந்திரமானவர்களாகவே இருந்தாலும், தலைமுடியை அலங்கரித்து வெளியே காட்டக் கூடாது. துணியால் மூடிக் கட்ட வேண்டும். ஏன் இந்த ஆணை? அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரியிலிருந்து பிரித்தறிய முடியாத நிறம். உடுத்தி அலங்கரித்துத் தெருவில் இறங்கினால் யார் எவர் என்று தெரியவில்லை. நிறம் காட்டிக்கொடுக்காத இடத்தில் துணி காட்டிக்கொடுக்கட்டும் என்று ஆளுநர் நினைத்தார்.

இந்த இடத்தைச் சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். இனவெறி தோலின் மேல் எழுதப்பட்டது. தோல் தெளிவாகப் பேசும் வரை துணியை அது அவ்வளவாக நம்பியிருக்கவில்லை. தோல் குழப்பியபோது துணியைத் துணைக்கு அழைத்தது. நம் நாட்டில் தோல் தொடக்கத்திலிருந்தே எதையும் உறுதியாகச் சொல்வதில்லை. மிராசுதாரும் பண்ணையாளும் ஒரே வெயிலில் ஒரே நிறம். ஆகவே தோல் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் இங்கே துணியும் நகையும் முடியும் பாத்திரமும் செய்ய வேண்டியிருந்தது. சாதிக்கு உடைதான் நிறம். ஒரு சட்டைக்காக இங்கே ஏன் வீடுகள் எரிந்தன என்ற கேள்விக்கு விடை இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்கள் தலையில் கட்டிய துணி பல நேரங்களில் கட்டம் போட்ட 'மெட்ராஸ்' துணி. சோழமண்டலக் கரையில் நெய்து கப்பலேறிய துணி அது. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியத் துணிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் கரையின் தறியில் நெய்த துணி ஒரு கரையில் மனிதருக்கு விலையாகவும், மறுகரையில் அவர்கள் தலையில் அடையாளமாகவும் ஆனது. அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அடையாளத்துக்காகக் கட்டச் சொன்ன துணியை விதவிதமாக முடிச்சுப் போட்டு அழகாக்கினார்கள். மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இன்றும் விழா உடையில் மெட்ராஸ் துணி இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

நமக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம் இருந்தது. இங்கிருந்து பக்கத்தில் உள்ள செங்கோட்டைகூட அன்று அந்த ஆட்சியில்தான் இருந்தது. அங்கே புலையர், பறையர், குறவர், பள்ளர் முதலான சாதியினர் விற்கவும் அடகு வைக்கவும் வாடகைக்கு விடவும்படியான அடிமைகள். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். நிலத்தோடு சேர்த்தும் விற்கலாம், நிலமில்லாமல் தனியாகவும் விற்கலாம்.

இந்த அடிமைகளுக்கும், அடிமை அல்லாத ஆனால் கீழே வைக்கப்பட்ட நாடார், ஈழவர் முதலான சாதிகளுக்கும் சேர்த்து உடை விதிகள் இருந்தன. இடுப்புக்கு மேலே துணி கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. குடை, செருப்பு, பொன் நகை கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. உயர்ந்தவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பது மரியாதை என்று சொல்லப்பட்டது.

தென் திருவிதாங்கூரில் கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியபோது மோதல் வெடித்தது. ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில் 1814இல் வந்த உத்தரவு, கிறித்தவ நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டையை அணியலாம், நாயர் பெண்களைப் போல மேற்சீலை போடக் கூடாது என்றது. 1822இலிருந்து கல்குளம் பக்கத்தில் பெண்களின் துணி சந்தையிலும் தெருவிலும் கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரி 3ஆம் தேதி அரசுப் பிரகடனம் மேற்சீலையை மீண்டும் மறுத்தது. அந்தப் பிரகடனத்தில் இன்னொரு பிரிவும் இருந்தது. கிறித்தவ நாடார்களும் மற்ற நாடார்களைப் போல அரசுக்கு ஊழியம், அதாவது கூலியில்லாத கட்டாய வேலை, செய்தாக வேண்டும் என்பது அது. சீலை ஒரு வரி, ஊழியம் அடுத்த வரி.

1858-59இல் மீண்டும் பெரும் வன்முறை நடந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கடி கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. உடம்பை மூடுவதற்கு அனுமதி கிடைத்தது. சமமாகத் தெரிவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. தென் கரோலினாச் சட்டத்தின் 'முரட்டுத் துணி' வேறொரு கடற்கரையில் வேறொரு மன்னரின் ஆணையில் திரும்ப வருவதைக் கவனியுங்கள்.

இதே காலத்தில் அய்யா வைகுண்டர் (1809-1851) தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார். சுவாமிதோப்பில் இன்றும் தலைப்பாகையோடுதான் வழிபடுகிறார்கள். ஆதிக்கச் சாதிக்கு மட்டும் உரியதாக இருந்த தலைத்துணி வழிபாட்டின் துணியாக மாறியது.

தோள்சீலைப் போராட்டத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அதோடு ஒரு கேள்வியையும் தள்ளிப்போட முடியாது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிப்புப் பிரகடனம் வந்தது 1855இல். நாடார் பெண்களுக்கான உடைப் பிரகடனம் வந்தது 1859இல். 1859 ஆணை நாடார் பெண்களைப் பெயர் சொல்லிப் பேசியது. நேற்றுவரை அடிமைகளாக இருந்த புலையர், பறையர் பெண்களைப் பற்றி அது பேசவில்லை. அவர்களுடைய போராட்டத்துக்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

நாங்கேலியின் கதையை மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். முலைவரி கேட்டு வந்தவர்களிடம் மார்பை அறுத்துக் கொடுத்தாள் என்பது சேர்த்தலைப் பகுதியின் வாய்மொழி வழக்கு. ஆண்களுக்குத் தலைக்கரம், பெண்களுக்கு முலைக்கரம் என்ற பெயரில் கீழ்ச்சாதிகளிடம் தலைவரி வாங்கப்பட்டது வரலாறு. முன்னது மக்களின் நினைவு, பின்னது வரலாற்றுச் செய்தி. இரண்டுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றாகச் சொன்னால் எதிராளி முதல் கேள்வியிலேயே நம்மை மடக்கிவிடுவார். வரி என்ற சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்: அங்கேயும் உடம்பு, காசு வசூலிக்கும் கணக்கோடுதான் சேர்ந்து வருகிறது.

கல்லும் மாலையும்

1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, மணி கட்டிய வில்வண்டியில் பொதுச்சாலையில் போனார். சாலையில் நடப்பதே மறுக்கப்பட்ட ஒரு புலையர் மாட்டுவண்டியில் போனதற்காக மட்டும் தாக்குதல் வரவில்லை. அந்த வேட்டிக்காகவும் தலைப்பாகைக்காகவும் வந்தது. 1907இல் அவர் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை என்றால் வயலில் புல்தான் முளைக்கும் என்று புலையர்கள் வேலைக்குப் போகாமல் நிறுத்தினார்கள். உடை, பள்ளி, வயல் வேலை மூன்றையும் ஒன்றாகவே அய்யன்காளி பார்த்தார். எசமானர்கள் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் அவரும் மூன்றையும் ஒன்றாகவே இழுத்தார்.

புலையப் பெண்கள் கழுத்தில் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளை அடுக்கடுக்காக அணிந்திருந்தார்கள். அது அலங்காரம் அல்ல, அடிமைச் சாதியின் அடையாளம். அதைக் கழற்றி எறியுங்கள் என்று சங்கம் சொன்னது. 1915 அக்டோபரில் கொல்லம் பக்கத்துப் பெரிநாட்டில் கூடிய கூட்டம் தாக்கப்பட்டது, குடிசைகள் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமையில், எல்லாச் சாதியினரும் பார்த்திருக்க, பெண்கள் மேடைக்கு வந்து மாலைகளை அறுத்துப் போட்டார்கள். மணிகள் குவியலாகக் கிடந்தன.

நியூ ஆர்லியன்ஸ் பெண்கள் திணிக்கப்பட்ட துணியை அழகாக்கிக் கட்டினார்கள். கொல்லத்துப் பெண்கள் திணிக்கப்பட்ட மாலையை அறுத்து எறிந்தார்கள். எது சரியான வழி என்ற விவாதம் நம் இயக்கங்களில் இன்றும் நடக்கிறது. பறையை நம் கலை என்று கொண்டாடுவதா, சாவுக்கு அடிக்க வைத்த கருவி என்று தள்ளுவதா என்பதும் இதே கேள்விதான். வரலாறு இரண்டு வழியையும் காட்டுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பதை அணிந்தவர்களே முடிவு செய்தார்கள் என்பதுதான் இரண்டிலும் பொது.

நம் மாவட்டத்தின் இரண்டு பட்டியல்கள்

இனி நம் ஊருக்கு வருவோம். விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அதில் சேர்ந்தது. ஆகவே இராமநாதபுரம் என்று நாம் இனிச் சொல்லப்போவது அன்றைய நம் மாவட்டத்தைத்தான்.

1930 டிசம்பர். லண்டனில் முதலாம் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருக்கிறது. அண்ணல் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அங்கே அமர்ந்திருக்கிறார்கள். அதே மாதத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சமூகத்தினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 குடிக்கணக்குக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிந்திருக்கிறார்.

பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் போகக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு உடம்பின் மேல்பகுதியை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை கூடாது, செருப்பு கூடாது. இதுதான் முதல் பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் சாமான்களும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின.

மக்கள் பணியவில்லை. 1931 ஜூனில் இரண்டாவது பட்டியல் வந்தது. இப்போது பதினொன்று. முழங்கால் விதியும் நகை விதியும் இதிலும் உண்டு. தண்ணீர் மண்குடத்தில்தான், குடத்துக்குச் சும்மாடு துணியில் கூடாது, வைக்கோலில்தான். பிறகு பட்டியல் திரும்புகிறது. பிள்ளைகள் படிக்கக் கூடாது. அவர்கள் மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதார் பண்ணையில் அடிமை வேலை செய்ய வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கு விற்றுவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கிடையாது, மழையில் விளைந்தாலும் அறுப்புக்கு முன் பறிக்கப்படும். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வண்டியும் கூடாது.

ஆறு மாத இடைவெளியில் வந்த இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதல் பட்டியலைப் பார்த்தால் ஏதோ மரியாதைச் சண்டை என்று தோன்றும். இரண்டாவது வந்தபோதுதான் சண்டை எதற்கு என்று தெரிகிறது. சட்டையில் தொடங்கியது நிலத்தில் முடிகிறது.

நகை விதியும் பாத்திர விதியும் ஏன் இரண்டு பட்டியலிலும் வந்தன? ஏழை வீட்டில் சேமிப்பு என்பது என்ன? ஒரு மூக்குத்தி, ஒரு பித்தளைக் குடம். கஷ்ட காலத்தில் அடகுக்குப் போவது அவைதான். அவை இல்லாத வீடு பஞ்சத்திலும் பிரசவத்திலும் நேராகப் பண்ணையார் வாசலில்தான் போய் நிற்கும். வாங்கிய கடனுக்குப் பிள்ளையை மாடு மேய்க்க விடும். மண்பானைக்கு அடகுக் கடையில் விலை கிடையாது. ஆகவே மண்பானை விதி கடன் விதி.

கிராப்பும் சட்டையும் குடையும் எங்கிருந்து வந்தன? இராமநாதபுரம் சீமை மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கூட்டம் கூட்டமாகப் போன காலம் அது. அங்கேயும் கடும் சுரண்டல்தான். ஆனால் திரும்பி வந்தவர் தலையில் கிராப்பும் கையில் குடையும் இருந்தன. அந்தச் சட்டை ஊருக்குள் நடந்தால், இந்த ஊரை விட்டால் வேறு பிழைப்பு உண்டு என்ற செய்தியும் கூடவே நடக்கும். பண்ணைக்கு அந்தச் செய்திதான் ஆபத்து. சும்மாட்டுத் துணியைக்கூட விட்டுவைக்காத அளவுக்கு அவர்கள் பயந்ததற்குக் காரணம் இதுதான் என்று நாம் வாசிக்கிறோம்.

இந்தப் பட்டியலைச் சொல்லி ஒரு சாதியை வசைபாடுவது நம் நோக்கம் அல்ல. கள்ளர் சமூகத்தின் பிறமலைக் கிளை அதே வெள்ளை அரசின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைத்து அவதிப்பட்டது. ஆனால் ஒடுக்கப்பட்டதன் அனுபவம் தானாகவே யாரையும் நியாயவான் ஆக்கிவிடாது என்பதையும் இந்தப் பட்டியல் காட்டுகிறது. ஆண்ட அரசின் பங்கையும் மறக்கக் கூடாது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. அடிமைக்கு நிலம் தரவில்லை. சட்டம் வந்து 87 ஆண்டுகள் கழித்து அதே அரசின் ஆட்சியில்தான் இந்தத் தடைகள் எழுதப்பட்டன.

கழற்றியவரும் உடுத்தியவரும்

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்குப் பிணத்தின் துணியையும் இரும்பு நகையையும் உடைந்த பாத்திரத்தையும் விதிக்கிறது. இராமநாதபுரத்துப் பட்டியலின் தாத்தா இது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அந்த நூலை எரித்த அம்பேத்கர், அடுத்த ஓரிரு நாளில் அங்கே கூடிய பெண்களிடம் சேலையைப் பற்றிப் பேசினார். முழங்கால் அளவுக்கு ஏற்றிக் கட்டும் கட்டையும், சாதியைக் காட்டிக்கொடுக்கும் கனத்த வளையல்களையும் விடச் சொன்னார். பெண்கள் உடனே கட்டை மாற்றினார்கள். நூலை எரித்த வேலையை அந்தச் சேலைக்கட்டு முடித்துவைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரைத்துணிக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றும் செயல் என்று அது போற்றப்படுகிறது. அவர் எண்ணத்தை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் கழற்றுவதற்கு ஒரு சட்டை வேண்டும். அதைப் போட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற உறுதியும் வேண்டும். அந்த உறுதி இல்லாத மக்கள் பக்கத்து மாவட்டத்தில் பத்து ஆண்டு கழித்துப் பனியனுக்காக அடிவாங்கினார்கள். நம் சேரிகளில் நிற்கும் அம்பேத்கர் சிலை கோட்டும் சூட்டும் பூட்ஸும் அணிந்திருப்பதை மேல்நாட்டு மோகம் என்று கேலி செய்பவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கட்டும். கோட்டு கூடாது, சட்டை கூடாது, செருப்பு கூடாது, படிப்பு கூடாது என்ற நான்கு தடைக்கும் அந்தச் சிலை ஒரே இடத்தில் பதில் சொல்கிறது.

இன்றைக்கு

இவை பழைய கதை என்று யாராவது சொன்னால், சட்டப் புத்தகத்தைக் காட்டுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. 2015இல் அது திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பதும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பதும், திருமண ஊர்வலத்தில் குதிரை ஏறுவதைத் தடுப்பதும் குற்றம் என்று அந்தத் திருத்தம் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1931 ஜூன் பட்டியலின் குதிரை 2015இன் சட்டத்தில் வந்து நிற்கிறது. தடை எங்கும் இல்லை என்றால் நாடாளுமன்றம் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

நம் தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கு ஒரு நிறத்தில் கையில் கயிறு கட்டும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றி அடையாளங்களையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. எல்லாருக்கும் ஒரே சீருடை கொடுத்த இடத்தில் சாதி தனக்கான ஒரு முழக் கயிற்றைத் தேடிக்கொண்டது. நிறம் சொல்லாததைத் துணி சொல்ல வேண்டும் என்ற பழைய தேவை அப்படியே இருக்கிறது. மாணவ நண்பர்களே, கயிற்றை அறுப்பது தலித் மாணவர்களின் வேலை மட்டும் அல்ல. கட்டியவர் அறுக்க வேண்டும்.

உழைப்பின் பக்கத்தையும் மறக்க வேண்டாம். இன்று நம் பெண்கள் ரவிக்கையும் சுடிதாரும் யாரையும் கேட்காமல் அணிகிறார்கள். அந்தத் துணிக்கான நூலை நூற்கும் ஆலைகளில், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் அடைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று வேலை வாங்கிய முறை தமிழகம் அறிந்தது. உடை உரிமை வந்துவிட்டது, கூலி உரிமை பின்தங்கி நிற்கிறது என்றால் போராட்டம் பாதியில் நிற்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே பட்டியலில் மறுக்கப்பட்டவை. இரண்டையும் ஒன்றாகவே கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. தடை போட்டவர்களின் பட்டியல் ஓர் ஆங்கில அதிகாரியின் நூலில் பத்திரமாக இருக்கிறது. தடையை மீறியவர்களின் பட்டியல் எங்கும் இல்லை. உங்கள் ஊரில் முதலில் ரவிக்கை போட்ட பெண் யார், அந்தத் துணியை எந்தக் கூலியில் யார் வாங்கித் தந்தார், முதல் பித்தளைக் குடம் எந்த வீட்டுக்கு வந்தது, செருப்போடு ஊர்த்தெருவில் முதலில் நடந்தவருக்கு என்ன நடந்தது என்று பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் கேளுங்கள். தேதி தெரியாவிட்டால் பஞ்சத்தையோ தேர்தலையோ வைத்துக் குறியுங்கள். அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். சொன்னவரின் சம்மதத்தோடு எழுதுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் இந்த ஆண்டே போங்கள். அடுத்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவின்போது அந்தக் குறிப்பேடுகள் இந்த மேடையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.